மலாயாவிலிருந்து வரவேண்டிய பிள்ளைச் செலவு

போன மாதம் வவுனியா ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கிற வரிசையில் என் பக்கத்தில் ஓர் இளம் சட்டத்தரணி இருந்தார். தாயைக் கூட்டி வந்திருந்தார். நான் பழைய கோட்டுக் கிளாக்கர் என்று தெரிந்ததும் தன்னிடம் வந்த ஒரு பெண்ணின் வழக்கைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். "வெளிநாட்டிலை இருக்கிற தேப்பனிட்டையிருந்து பிள்ளைச் செலவு எடுக்கிறது சரியான கரைச்சல் ஐயா. ஒரு கடிதத்துக்கு மறுமொழி வர மூண்டு கிழமை செல்லுது."

மூன்று கிழமை! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் காலத்தில் ஒரு கேள்வி கப்பலேறிப் போய் மறுமொழி வந்து இறங்குவதற்குள் பிள்ளைக்கு முன்பல் விழுந்து முளைத்துவிடும். "அப்ப எப்பிடி எடுத்தனீங்கள்? எழுதி வையுங்கோவன்" என்றார் பொடியன். அதற்குள் என் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிரஷர் கூடித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன்.

வேலை பழகிய கதையை நீட்டமாட்டேன். ஐம்பதுகளில் முல்லைத்தீவுப் பக்கத்து ஒரு சின்ன நீதிமன்றத்தில் சேர்ந்தேன். இரண்டு வருடம் கோவைகளுக்கு நூல் கட்டினேன். இரண்டு வருடம் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதினேன். அதற்குப் பிறகுதான் வாய் திறந்து சனத்தோடு கதைக்க விட்டார்கள். நீதவான் மாதத்தில் சில நாட்கள் மட்டும் வவுனியாவிலிருந்து வருவார். மிச்ச நாட்களில் அந்தக் கட்டடத்துக்கு ராசா சவிரிமுத்து முதலியார்.

முதலியார் என்பது அவருடைய உத்தியோகத்தின் பெயர். வழக்காளிகள் தமிழில் சொல்வதை நீதவானுக்கு இங்கிலீசில் சொல்வதும், நீதவான் சொல்வதைத் தமிழில் திருப்புவதும் அவர் வேலை. எங்களுக்கு மேலதிகாரியும் அவரே. கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கர். தகப்பன் கரைவலை இழுத்தவர். மனுசன் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது என்று நாங்கள் நினைக்கும்படி மெதுவாகக் கதைப்பார். எந்தக் கடதாசியைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார். முதல் பக்கத்தில் எல்லாரும் கவனமாக எழுதுவார்கள், களைத்துப்போகிற இடத்தில்தான் பிழை இருக்கும் என்பது அவர் கணக்கு. என் விசயத்தில் அந்தக் கணக்கு ஒரு நாளும் பிழைத்ததில்லை.

இனிப் பாக்கியத்தின் கதைக்கு வருகிறேன்.

அவர் துணுக்காய்ப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். புருசன் வேலாயுதம் மலாயாவில் ஒரு றப்பர்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. லீவில் ஊருக்கு வந்தவர், இவரைக் கட்டி, நாலு மாதம் இருந்து, 'போய்க் கூப்பிடுறன்' என்று சொல்லிக் கப்பலேறினார். பிறகு மகள் தேவி பிறந்தாள். அவர் கூப்பிடவுமில்லை, ஒரு சதம் அனுப்பவுமில்லை. அவருடைய தமையனுக்கு மட்டும் கடிதம் வரும். கடைசியாக வந்த கடிதத்தில் அங்கேயே ஒருத்தியைக் கட்டிவிட்டதாகச் செய்தி.

"நான் எனக்குக் கேக்கேல்லை ஐயா" என்றார் பாக்கியம். "நான் தோட்டஞ் செய்து சாப்பிடுவன். இவளைப் பள்ளிக்கூடத்திலை சேர்க்கப் போனால் தேப்பனாற்றை பேர் என்ன எண்டு கேக்கினம். சொன்னால், 'எழுத்து இருக்கோ' எண்டு சிரிக்கினம். பொடியளும் கேட்டுப் பழகீட்டுதுகள்."

எழுத்து என்றால் விவாகப் பதிவு. அதுதான் இல்லை. அந்த நாளில் வன்னிக் கிராமங்களில் தாலி கட்டி, பெண் மாப்பிள்ளைக்குச் சோறு கொடுத்தால் கலியாணம் முடிந்தது. பதிவுகாரர் எங்கேயோ இருப்பார், 'எழுத்தைப் பிறகு வைப்பம்' என்று விட்டுவிடுவார்கள். முதலியாருக்கு இதைக் கேட்டாலே உடம்பு கொதிக்கும். "எங்கடை கோயில்லை பூனைக்குட்டி கலியாணம் முடிச்சாலும் சுவாமியார் புத்தகத்திலை பதிவார். உங்கடை ஆக்களுக்கு ஒரு கையெழுத்து வைக்க என்ன கேடு?" என்று என்னைக் கேட்பார். நான்தான் பாக்கியத்தின் கலியாணத்தை நடத்தி வைத்தவன் போல.

மலாயாவில் இருக்கிறவரிடம் பிள்ளைச் செலவு எடுக்கும் ஒழுங்கு இதுதான். அவர் இல்லாமலே இங்கே நீதவான் தாயின் வாக்குமூலத்தைக் கேட்டு ஒரு தற்காலிகக் கட்டளை போடுவார். அந்தக் கட்டளை, வாக்குமூலம், ஆளை அடையாளம் காட்டும் குறிப்பு எல்லாம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கப்பலில் மலாயா அரசாங்கத்துக்குப் போகும். அங்குள்ள நீதிமன்றம் ஆளைப் பிடித்து, 'நீ என்ன சொல்லுகிறாய்?' என்று கேட்கும். அவர் சொல்வதை ஏற்றால் கட்டளை தள்ளுபடி. ஏற்காவிட்டால் உறுதியாகும். சந்தேகம் வந்தால் கடதாசிக் கட்டு முழுவதும் எங்களிடம் திரும்பி வரும், மேலும் சாட்சி எடுக்கச் சொல்லி.

இதில் இன்னொரு கடதாசியும் உண்டு. எதிராளி இங்கே நின்றிருந்தால் என்னென்ன சொல்லித் தப்பியிருக்கலாம் என்பதை நாங்களே எழுதி அனுப்பவேண்டும். நான் அதைப் பாக்கியத்துக்கு விளங்கப்படுத்தினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப கள்ளனுக்கு வீட்டுத் திறப்பையும் நீங்களே குடுத்து விடுறியளோ?"

முதலியார் அன்றைக்குத்தான் அலுவலகத்தில் சிரித்ததை நான் கண்டேன். "சட்டம் அப்பிடித்தான் பிள்ளை. கதிரையிலை இருங்கோ, சொல்லுங்கோ. ஆளுக்கு என்ன அடையாளம்?" என்றார். இடது காதில் கடுக்கன் போட்ட துளை தூர்ந்து போயிருக்கும், வலக்கை நடுவிரலில் கத்திவெட்டுத் தழும்பு, நடக்கும்போது முன்னுக்குச் சாய்வார் என்று பாக்கியம் தட்டுத் தடங்கலில்லாமல் சொன்னார். நாலு மாதம் வாழ்ந்தவர் ஆறு வருடத்துக்குப் பிறகும் அவ்வளவையும் மறக்கவில்லை.

கட்டளை போனது. பதினொரு மாதம் கழித்துக் கட்டு திரும்பி வந்தது. வேலாயுதம் அங்கே சத்தியம் பண்ணிச் சொல்லியிருந்தார்: 'இந்தப் பெண்ணை நான் மணமுடிக்கவில்லை. லீவில் வந்தபோது அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தேன். அவ்வளவுதான்.'

இது பாக்கியத்தின் கழுத்தில் கத்தி. கலியாணம் நடக்கவில்லை என்றால் சட்டம் வேறு. பிள்ளை பிறந்து ஒரு வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும், அல்லது அந்த வருடத்துக்குள் அவர் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. ஆனால் எழுத்து இல்லாத கலியாணமும் கலியாணந்தான், ஊர் முறைப்படி சடங்கு நடந்ததைக் கண்ட சாட்சி சொன்னால். தாலி எடுத்துக் கொடுத்த கோயில் பூசாரியார் காலமாகிவிட்டார். தகப்பனும் இல்லை. தாய் சொன்னால், பெற்றவள் வேறென்ன சொல்லுவாள் என்பார்கள்.

நான் பாக்கியத்தைக் கூப்பிட்டு, "கலியாணத்துக்கு ஆரார் வந்தவை? நினைச்சுச் சொல்லுங்கோ" என்றேன். அவர் விரல் மடித்துச் சொன்னார். நான் எழுதினேன். பாதிப்பேர் வேலாயுதத்தின் பக்கம். தமையன், 'எனக்கொண்டும் தெரியாது' என்றார். அந்தத் தமையனுக்குப் பயந்து மற்றவர்களும் மறந்துபோனார்கள். ஊர்த் தலைமைக்காரரான விதானையார், 'நான் பந்திக்குத்தான் வந்தனான், தாலி கட்டினதைக் காணேல்லை' என்று கைவிரித்தார். சாப்பிட்டது மட்டும் ஞாபகம்! பட்டியல் முழுவதையும் அடித்து முடித்தபோது தாளில் வெறும் கோடுகள்தான் மிஞ்சின.

அடுத்த விசாரணைத் தவணைக்கு மூன்று கிழமை இருந்தது. சாட்சி இல்லை என்று எழுதி அனுப்புவது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பாக்கியத்தின் வாக்குமூலத்தை இன்னொரு முறை விபரமாக எழுதி முதலியாரின் மேசையில் வைத்தேன். அவர் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தை எடுத்தார். மையொற்றும் தாளில் பேனையை ஒற்றிவிட்டு ஒரு வசனத்தின் கீழ் முனையை வைத்தார்.

"என்ன காணும் இது? 'மணவறைக்கு மேலே வெள்ளை கட்டப்பட்டிருந்தது.' ஆர் கட்டினது?"

"கட்டினதுதான் ஐயா. கலியாண வீடெண்டால் வெள்ளை கட்டுறதுதானே."

"துணி தானாப் போய்க் கூரையிலை கட்டுப்படுமோ? கட்டின ஆளுக்குப் பேர் இல்லையோ?"

வெளியில் மரவாங்கிலில் பாக்கியம் இருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன். "கட்டாடியார்தான்" என்றார். "எங்கடை ஊர்க் கட்டாடியார். விடிய வந்து வெள்ளை கட்டி, மணவறைக்கு விரிச்சு, எல்லாம் முடியுமட்டும் கிட்டவே நிண்டவர்."

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"ஆர் வந்தவை எண்டுதானே ஐயா கேட்டனீங்கள்."

அந்த இடத்தில் எனக்கு முகம் சுட்டது. பாக்கியத்தின் மேல் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஊர்களில் துணி வெளுக்கும் கட்டாடியார் வெள்ளை கட்டாமல் ஒரு நல்லது கெட்டது நடக்காது. ஆனால் யார் வந்தார்கள் என்று கேட்டால் அவரை ஒருவரும் எண்ணுவதில்லை. வந்தவர்கள் என்றால் பாயில் இருத்திச் சோறு போடப்பட்டவர்கள். என் தங்கையின் கலியாணத்துக்கும் ஒருவர் வந்து வெள்ளை கட்டினார். அவருடைய பெயர் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. எழுதவே வெட்கமாயிருக்கிறது.

பாக்கியத்தின் ஊர்க் கட்டாடியாரை எல்லாரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்களாம். நான் சின்னவர் என்றே எழுதுகிறேன். அவருக்கு அழைப்பாணை எழுதினேன். ஆனால் அவர் வருவாரா என்பது வேறு கதை. வேலாயுதத்தின் தமையன் ஊரில் பெரிய கமக்காரர். போகத்துக்குப் போகம் அந்த வீட்டு நெல்லில் சின்னவரின் குடும்பத்துக்கு ஒரு பங்கு உண்டு. பாக்கியம் போய்க் கேட்டபோது மனுசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். மனைவிதான் உள்ளேயிருந்து வந்து, "இந்தப் பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாளும் தாய்க்கு மாற்றுச் சேலை குடுத்தது நான். தேப்பன் இல்லாமலே நான் குடுத்தனான்? போய்க் கண்டதைச் சொல்லுங்கோ" என்று அதட்டினாராம். அதற்கும் சின்னவர் ஓம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தவணை நாள். தமையன் வழக்குப் பேச ஒரு பிறக்கிராசியாரைப் பிடித்துக்கொண்டு, நாலைந்து பேரோடு முன்வாசலில் நின்றார். வழக்குக் கூப்பிட்டார்கள். பாக்கியம் கூண்டில் ஏறிச் சொல்லி முடித்தார். கோட்டு ஆராய்ச்சி, பெயர் கூப்பிடும் சேவகர், வாசலில் நின்று சின்னவரின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். ஒருவரும் இல்லை. தமையனின் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியதை நான் கண்டேன். நீதவான் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னொரு தவணை கொடுக்கக் கேட்ட முதலியாரிடம், பத்து நிமிடம் மட்டும் தருவதாகச் சொல்லி வேறு வழக்கை எடுத்தார்.

பாக்கியம் என்னிடம் வந்தார். "பயந்து நிண்டிட்டார் போலை" என்றேன்.

"ஐயா, கிணத்தடிப் பக்கம் பாத்தனீங்களோ?"

"அங்கை என்னத்துக்கு?"

"அவர் எந்த வீட்டுக்குத்தான் முன்வாசலாலை வந்தவர்?"

ஓடினேன். நாற்பது வயதுக்குள் நான் அப்படி ஓடியது அந்த ஒரு முறைதான். நீதிமன்றத்துக்குப் பின்னால், கிணற்றடி வேலியோரம், வெளுத்த வேட்டியும் கக்கத்தில் மடித்த சால்வையுமாகச் சின்னவர் குந்தியிருந்தார். பக்கத்தில் மனைவி. முதல் பஸ்ஸில் வந்து, விடிந்ததிலிருந்து அங்கேயே இருக்கிறார்கள். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். முன்வாசலில் ஆராய்ச்சி போட்ட சத்தம் அங்கே கேட்கவில்லை.

"எழும்புங்கோ, எழும்புங்கோ! உங்களைத்தான் கூப்பிட்டது!"

"முன்னாலை வரலாமே ஐயா?" என்று கேட்டார் அவர். கையைப் பிடித்து, முன்வாசலால், தமையனுக்கும் ஆட்களுக்கும் நடுவால் கூட்டிக்கொண்டு போனேன். ஒருவன், "ஓ, பெரிய சாட்சிக்காரர்!" என்றான். சின்னவர் சால்வையைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

கூண்டில் ஏறினதும் மனுசன் மாறிப்போனார். தாலி கட்டியதைக் கண்டீரா? கண்டேன். எவ்வளவு தூரத்தில் நின்றீர்? கை நீட்டினால் தொடும் தூரம், வெள்ளையின் ஒரு மூலை அவிழ்ந்துவிட்டதால் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண் சோறு கொடுத்தாரா? கொடுத்தார், மாப்பிள்ளை சாப்பிட்டார். முதலியார் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி இங்கிலீசில் சொன்னார். பிறக்கிராசியார் எழும்பினார். அவர் கேட்டதை முதலியார் தமிழில் திருப்பினார், ஒரு இடத்திலும் 'நீ' என்று சொல்லாமல்.

"நீர் எத்தனையோ கலியாணத்துக்கு வெள்ளை கட்டியிருக்கிறீர். ஏழு வருசத்துக்கு முந்தின இந்தக் கலியாணம் மட்டும் எப்படி உமக்கு இவ்வளவு ஞாபகம்?"

சின்னவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எனக்குத் தரவேண்டிய வேட்டியை இந்த மாப்பிள்ளை இன்னும் தரேல்லை ஐயா. எல்லாக் கலியாணத்திலையும் வெள்ளை கட்டினவனுக்கு ஒரு வேட்டி தருவினம். இவர், 'மலாயாவிலை இருந்து நல்லதா ஒண்டு அனுப்புறன்' எண்டவர். ஏழு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நீதிமன்றத்தில் சிரிப்பொலி எழும்பியது. தமையனோடு வந்த ஒருவன்கூடச் சிரித்துவிட்டான். முதலியார் முகத்தை மாற்றாமல் அதை இங்கிலீசில் சொன்னார். நீதவான் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து நிறைய நேரம் எழுதினார். பிறக்கிராசியார் மெதுவாகக் கதிரையில் இருந்துவிட்டார். கலியாணம் நடக்காவிட்டால் மாப்பிள்ளை எதற்கு வேட்டி கொடுக்கவேண்டும்? அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் நான் சின்னவரிடம், "இனி அந்த வீட்டிலை நெல் தரமாட்டினமே?" என்று கேட்டேன். "தராட்டில் என்ன ஐயா, ஒரு வீட்டு ஊத்தை குறைஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். சொன்னதுபோலவே அந்தப் போகம் நெல் நின்றது. ஊரில் மற்ற வீடுகள் அவரை விட்டுவிடவில்லை என்று பிறகு பாக்கியம் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

சாட்சியம் கப்பலேறியது. நாங்கள் காத்திருந்தோம். மாரி வந்து போனது. தபால் வரும் நாட்களில் முதலியார் ஒன்றும் கேட்கமாட்டார், ஆனால் தபால் பையை அவிழ்க்கும்போது தன் வேலையை நிறுத்திவிடுவார். ஒரு நாள் சிவப்பு முத்திரை குத்திய நீண்ட உறை வந்தது. அவர் கடைசிப் பக்கத்தை எடுத்தார். வாசித்தார். பிறகு முதல் பக்கத்தை எடுத்து ஒழுங்காக ஆரம்பத்திலிருந்து வாசித்தார். அவர் அப்படி வாசித்ததை நான் வேறு எப்போதும் கண்டதில்லை. "உறுதிப்படுத்தியிருக்கு காணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அலுவலகம் என்றும் பாராமல், "அப்பாடா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

மலாயாவில் வேலாயுதத்தின் சம்பளத்தில் வெட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். முதல் காசு வந்ததும் பாக்கியத்துக்கு அறிவித்தல் போனது. அவர் தேவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு அப்போது ஏழு வயது, உச்சி பிரித்து இரட்டைப் பின்னல். பணம் கொடுக்குமுன் பெறுகிறவரை அறிந்த ஒருவர் அத்தாட்சிக் கையெழுத்து வைக்கவேண்டும். முதலியார் தானே வைத்தார்.

பாக்கியம் பற்றுச்சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது இங்கிலீசில் இருந்தது.

"இதிலை என்னை என்னெண்டு போட்டிருக்கு ஐயா?"

"வேலாயுதத்தின்ரை மனைவி எண்டு. பிள்ளையை அவரின்ரை மகள் எண்டு."

"எந்த இடத்திலை?"

காட்டினேன். விளங்காத அந்த எழுத்துக்களை விரலால் ஒரு முறை தடவினார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கையெழுத்தை வைத்துவிட்டுக் காசை வாங்கி, எண்ணாமலே மகளின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"பிடி பிள்ளை. இது கொப்பர் தந்தது. பள்ளிக்கூடத்திலை இனி ஆரும் கேட்டால், கோட்டிலை போய்க் கேக்கச் சொல்லு."

தேவி காசைப் பார்க்கவில்லை. மேசைக்கு மேலாக எட்டி என்னைப் பார்த்தாள்.

"வந்து கேட்டால் நீங்கள் சொல்லுவீங்களே?"

"சொல்லுவன் அம்மா" என்றேன். "முன்வாசல்லை நிண்டு மூண்டு தரம் சத்தமாச் சொல்லுவன்."